மாற்றுக் கல்லீரல், 4ஆம் நாள், பிளேட்லெட் 45,000: இது டிஐசியா?

கல்லீரல் மாற்று அறுவை முடிந்த 4ஆம் நாளில் வந்ததாக நீங்கள் சொன்ன மூன்று எண்களை (பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்கள் 45,000, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.9, ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் மிக அதிகம்) மட்டும் வைத்து டிஐசி (உடல் முழுதும் சிறு ரத்தக்கட்டிகள் உருவாகி, உறைவுப் பொருள்கள் செலவாகித் தீரும் நிலை) என்று முடிவுகட்ட முடியாது. கல்லீரல் மாற்றிய முதல் வாரத்தில் டிஐசி இல்லாமலேயே இம்மூன்றும் இப்படி வரும். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிஐசி என்று சொல்லும் மதிப்பெண் அட்டவணையில் இவற்றைப் போட்டால் 5-ஐத் தாண்டிவிடும், குழப்பமே அங்கேதான்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: புதுக் கல்லீரல் உறைவுக் காரணிகளை இன்னும் முழுதாகச் செய்யத் தொடங்கவில்லை, வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. பிளேட்லெட் 3 முதல் 5ஆம் நாளுக்குள் அடிமட்டம் தொட்டு, பிறகு தானே ஏறுவது வழக்கம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறையத் தேவையான புரதம்), 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒற்றை எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 400-லிருந்து 180-க்கு இறங்கினால், 180 "நார்மல்" என்று தாளில் இருந்தாலும் கவலைப்பட வேண்டும்.

2. காரணி 8 (உறைவுக் காரணிகளில் ஒன்று). இது பெரும்பாலும் ரத்தநாள உட்சுவரில் உருவாவது. கல்லீரல் மந்தம் என்றால் குறையாது, டிஐசியில் செலவாகிக் குறையும்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஓடும் குழாயிலிருந்து எடுத்த ரத்தமானால் முடிவுகளை நம்பாமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, ஊசி போட்ட இடங்களில் கசிவு, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலப்பொருள்) ஏற்றம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் மேலே சொன்ன ஆறுதல் செல்லாது. செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் முழுதும் பாதிக்கும் ஆபத்து நிலை), கல்லீரல் தமனி அடைப்பு இரண்டையும் உடனே தேடுவார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அன்றே வேண்டும். கசிவு இல்லாதபோது எண்ணை அழகாக்க மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.