படகின் அடிப்பெயின்ட்: மணல் பீய்ச்சச் சொல்பவரிடம் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: 28 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கினேன். அடிப்பாகத்தில் பாசியும் கடலுயிர்களும் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட், பல வருஷத்தது, அடுக்கடுக்காக இருக்கிறது, அங்கங்கே செதில் செதிலாக உரிகிறது. படகுத்துறையில் ஒருவர், காற்றழுத்தக் குழாயால் மணல் பீய்ச்சினால் இரண்டு நாளில் சுத்தமாகிவிடும் என்கிறார். நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஆகாதா?

பதில்: ஆகும். முதுகு வலிக்கும், சில வார இறுதிகள் போகும், அவ்வளவுதான். மணல் மட்டும் வேண்டாம்.

உங்கள் படகின் வெளித்தோல் ஜெல்கோட். அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். பெயின்ட் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று மணலுக்குத் தெரியாது. வேகமாக முடிக்க நினைப்பவர் கையில் குழாய் இருந்தால், ஊசியால் குத்தியது போல ஆயிரம் துளைகள் விழும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் வந்து, "ஐயோ, கொப்புளம் வர ஆரம்பித்துவிட்டதே, முழுத் தோலையும் உரித்து எபாக்ஸி போடணும்" என்பார். முதல் வேலையே இரண்டாவது வேலைக்கு விதை. எத்தனை பேர் இப்படி இரண்டு முறை பணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்! மணலுக்குப் பதில் சோடா உப்புப் பொடியைப் பீய்ச்சுவது மென்மையான முறை, ஆனால் அதுவும் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. யாராக இருந்தாலும், ஜெல்கோட்டில் துளை விழுந்தால் யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். பலரும் அப்போதே "வேலை அதிகமாக இருக்கு" என்று நழுவிவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று: முழுசையும் எடுக்கத்தான் வேண்டுமா? நன்றாக ஒட்டியிருப்பது போலத் தெரியும் இடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். அதன்மேல் பலமான டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அடி அடுக்கே பிடிப்பில்லை, எடுக்கத்தான் வேண்டும். வரவில்லை என்றால் உரிந்த இடங்களை மட்டும் சுரண்டி, ஓரத்தைத் தேய்த்து மட்டமாக்கி, மேலே அடிக்கலாம். இந்தச் சோதனையை நாலைந்து இடங்களிலாவது செய்யுங்கள். முன்பக்கமும் சுக்கான் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது.

எடுப்பதென்றால் கார்பைடு பிளேடு போட்ட சுரண்டிதான் பெரிய உதவி. பிளேடின் இரண்டு மூலைகளையும் அரத்தால் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கோடு விழும். தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். மீதியை, தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரோடு இணைத்த சாண்டரில் (தேய்க்கும் மெஷினில்) 80 நம்பர் தாளைப் போட்டு எடுங்கள். தாளைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடியுங்கள். ஜெல்கோட்டின் நிறம் தெரிந்ததும் நகர்ந்துவிடுங்கள். ஹீட் கன் பக்கமே போகவேண்டாம்.

இரசாயன ரிமூவர் வாங்குவதென்றால் ஃபைபருக்கென்றே செய்ததை வாங்குங்கள். வீட்டுக் கதவுக்குப் போடும் ரிமூவர் ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், டப்பாவைத் திருப்பி நீங்களே படியுங்கள். முதலில் கையகல இடத்தில் போட்டுப் பாருங்கள்.

தூசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. கொட்டலசும் (பார்னக்கிள்) பாசியும் ஒட்டாமலிருக்கத்தான் அந்தப் பெயின்ட்டில் செம்பு சேர்க்கிறார்கள், அது விஷம்தான். சாதாரணத் துணி மாஸ்க் போதாது, ஃபில்டர் வைத்த சுவாசக் கவசம் வேண்டும். பழைய படகுகளின் அடி அடுக்குகளில் தகரச் சேர்மமான டிபிடி (TBT, டிரைபியூட்டைல் டின்) இருக்கலாம், அது இன்னும் மோசம். சிறு படகுகளுக்கு பிரான்ஸ் 1982லேயே அதைத் தடை செய்தது. உலக ஒப்பந்தம் 2001ல் ஏற்கப்பட்டு 2008ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் சிப்பிகள் உருக்குலைவது எப்போதோ தெரிந்திருந்தும், எல்லோருக்குமாக ஒரு விதி வர அத்தனை வருஷம்! இன்றும் பல படகுத்துறைகளில் "தூசி கடலில் விழக்கூடாது" என்று பலகை மட்டும் இருக்கிறது, தூசியைப் போட ஒரு தொட்டி இருக்காது. கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை மூட்டை கட்டி, ஆபத்தான கழிவாக எங்கே ஒப்படைப்பது என்று விடாமல் கேளுங்கள்.

உங்களுடையது ஃபைபர்தான். ஆனாலும் இதைப் படிக்கும் யாரோ ஒருவரிடம் அலுமினியப் படகு இருக்கும், அவருக்காக. அலுமினியத்தின் மேல் செம்புப் பெயின்ட் நேரடியாகப் பட்டால், உப்புத் தண்ணீரில் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் குழி குழியாகும். ஆகவே பழைய அடுக்கில் செம்பு இருந்தால், மூலைமுடுக்கில்கூட மிச்சம் வைக்காமல் எடுக்க வேண்டும், பிறகு செம்பில்லாத பெயின்ட்தான். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கூடாது, இரும்புத் துகள் பதிந்து அதுவும் அரிப்புக்கு இடமாகும். ஃபைபர் படகிலும் தண்ணீருக்குள் இறங்கும் அலுமினியக் கால் கொண்ட இன்ஜின் இருந்தால் அந்தப் பாகத்துக்கு இதே கதைதான். இதைச் சொல்லாமல் பெயின்ட் விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம்.

கடைசியாக, படகைத் தாங்கும் ஸ்டாண்டுகளின் அடியில் இருக்கும் பெயின்ட். அதை எடுக்க ஸ்டாண்டை நீங்களாக நகர்த்தாதீர்கள். துறைப் பணியாளரை அழைத்து, பக்கத்தில் இன்னொன்றை முட்டுக்கொடுத்த பிறகே ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள்.