வாயில்லாச் சீவனுக்காகக் காவல் நிலையப் படி ஏறுவோருக்கு

காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரங்களின் அரசுக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். விலங்குகளைத் துன்புறுத்திய வழக்குகளில் பிரேதப் பரிசோதனை செய்து, நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன். இவ்வட்டாரத்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தேவகோட்டை): ஐயா, எங்கள் தெருவில் ஒரே காலையில் மூன்று நாய்கள் வாயில் நுரை தள்ளி இறந்து கிடந்தன. துப்புரவுப் பணியாளர்கள் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் "தெருநாய்க்கெல்லாம் வழக்கு கிடையாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையன்று, தம்பி. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்குகளைத் தேவையற்ற கொடுமையான முறையில் கொல்வதைக் குற்றமாக்கும் இடத்தில், "தெருநாய்கள் உட்பட" என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த உட்பிரிவு, நீதிமன்ற அனுமதிக்குக் காத்திராமல் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவும் விலங்கைக் கொல்வதற்கும், நஞ்சு வைப்பதற்கும், முடமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. நாயை அடித்ததாகவோ, பட்டினி போட்டதாகவோ மட்டும் புகார் எழுதினால் நிலைமை வேறு; அவை காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தவை என்பதால், நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். அதற்குரிய அபராதமும் முதன்முறை பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்தான். 1960-இல் எழுதிய தொகை இன்றும் அப்படியே நிற்பது எனக்கு ஆறாத வருத்தம். ஆகவே கொலை நடந்திருந்தால் "நாயைக் கொடுமைப்படுத்தினார்கள்" என்று பொதுவாக எழுதாமல், "நஞ்சு வைத்துக் கொன்றார்கள்" என்று மேற்சொன்ன இரு பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஆனால் உங்கள் வழக்குக்கு உண்மையான தடை காவல் நிலையத்தில் இல்லை. உடல்கள் புதைந்து கிடக்கும் குழியில் இருக்கிறது. நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை முதல் நாளிலேயே தோற்றுப்போனவை. ஏனென்றால் பாவம் பார்த்தவர்களே உடலை அடக்கம் செய்து, பால் ஊற்றி, மறுநாள்தான் புகார் கொடுக்க வந்தார்கள். காவல் ஆய்வாளர் எழுத்து மூலம் கேட்டால்தான் அரசு மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து, இரைப்பையிலுள்ளதையும் கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளையும் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு முத்திரை வைக்க, அவற்றைக் காவல்துறை தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், நீதிமன்றத்தில் "நோயில் செத்திருக்கலாமே" என்ற ஒற்றைக் கேள்விக்கு நம்மிடம் பதில் இராது. புதைத்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் தோண்டியெடுத்துப் பரிசோதிக்குமாறு இன்றே மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கு மேலும் நீதித்துறை நடுவர் இருக்கிறார். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான்): பக்கத்து வீட்டார் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். பூட்டிய வீட்டின் இரண்டாங்கட்டில் காவலுக்கென்று ஒரு நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. ராத்திரியெல்லாம் அழுகிறது. பங்காளி வீடு, பகைத்துக்கொள்ளவும் மனமில்லை.

பதில்: ஆச்சி, இங்கே காவல் நிலையம் முதல் படி அன்று. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் விடுவதும், உணவும் நீரும் நிழலும் தராததும் மூன்று தனித்தனிக் குற்றங்கள் என்பது மெய்தான். ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்குத் தம் வீட்டு முற்றத்தில் நடப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. நாயின் கழுத்துப் புண்ணையும் காய்ந்த தண்ணீர்ச் சட்டியையும் படமெடுத்து அவர்களுக்கே அனுப்புங்கள். "உங்கள் நாயை நான் பார்த்துக்கொள்ளட்டுமா, சாவியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்" என்று பெரியவராகிய நீங்கள் கேட்டால் மறுப்பவர் அரிது. பத்து நாள் பாருங்கள். மாற்றமில்லையென்றால் அந்தப் படங்களோடு மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு, அதன் தலைவரான மாவட்ட ஆட்சியர் வழியாக, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். உறவை நினைத்துத் தயங்குவது இயல்பு. அந்த நாய்க்கு உங்களை விட்டால் வேறு உறவு இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லல்): உச்சி வெயிலில் செங்கல் ஏற்றிய வண்டியை இழுக்க முடியாமல் மாடு படுத்துவிடுகிறது, தார்க்குச்சியால் குத்தி எழுப்புகிறார்கள். வண்டிக்காரரும் ஏழை.

பதில்: 1965-ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகள் ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன, 37 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் உள்ள இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை பூட்டவே கூடாது. நம் சீமையின் சித்திரை, வைகாசியில் அந்த வெப்பம் புதிதன்று. முள் வைத்த கோலும் தடை. வண்டிக்காரரின் ஏழ்மையை நீங்கள் நினைத்தது நல்ல மனம். ஆனால் பாரத்தை நிர்ணயிப்பவர் சூளைக்காரர். அவரிடம் போய், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று பிரிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இது பலமுறை பலித்திருக்கிறது.

கேள்வி (திருப்பத்தூர்): விலங்கு நலம் பேசும் தாங்கள் சிராவயல் மஞ்சுவிரட்டை எதிர்க்கிறீர்களா?

பதில்: ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு போன்ற காளை விளையாட்டுகளை 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் தடுத்தது, அவற்றை அனுமதிக்க 2017-இல் தமிழகம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. எனவே தடை கேட்பது என் வேலையன்று. விதியை நிறைவேற்றச் சொல்வதே என் வேலை. சாராயம் புகட்டுவதும், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவதும், வாலை முறுக்குவதும் மாட்டை வளர்த்தவர் செய்யும் காரியமல்ல. தொழுவத்தில் பரிசோதனை முடித்து அவிழ்க்கும் மாடுகளைவிட, பொட்டலில் ஆங்காங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடுகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். சுற்றிலும் உள்ள கிணறுகளுக்கு முன்கூட்டியே வேலியிடச் சொல்லி விழாக் குழுவிடம் மார்கழியிலேயே மனுக் கொடுங்கள்.

கேள்வி (குன்றக்குடி): கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவரிடமிருந்து பறித்துப் பறக்கவிடலாமா?

பதில்: வேண்டாம். சிறகு வெட்டிய கிளி காக்கைக்கு இரையாகும். பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வயலில் மயிலுக்கு நஞ்சு வைத்தாலும் அவர்களிடமே சொல்ல வேண்டும்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): தண்டனை இவ்வளவு குறைவென்றால், பேசி என்ன பயன் ஐயா?

பதில்: அம்மா, இந்தச் சட்டமே பேசிப் பேசி வந்ததுதான். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணிதேவி அருண்டேல் அவையில் விடாமல் எடுத்துரைத்ததன் பயனே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். சட்டமே தேவைப்படாத ஊரும் நம் பக்கத்தில் உண்டு: வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டியுள்ள பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை உங்கள் கல்லூரிக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். என்னை அழைப்பதைவிட அது மேல்.

கேள்வி (தேவகோட்டை, மீண்டும்): ஐயா, இப்போது இன்னொரு நாய் நடுங்கி விழுந்துவிட்டது. உயிர் இருக்கிறது.

பதில்: உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்து நிழலில் கிடத்துங்கள். கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் "பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம், வலிப்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். வண்டி தாமதமாகும் என்றால் காத்திராமல் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தியையும் அருகில் கிடக்கும் இறைச்சித் துண்டையும் வெறுங்கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, புதுப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். எடுப்பதைக் கைப்பேசியில் ஒருவர் படம்பிடிக்கட்டும். அந்தப் பதிவை அழிக்காதீர்கள். காவல் நிலையத்துக்கு வீட்டில் ஒருவரை இப்போதே அனுப்புங்கள். இன்று குழி தோண்ட யாரையும் விடாதீர்கள்.