பாறையைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது

வணக்கம்,

போன மாதம் நானும் தம்பியும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஸ்கூர் நன் கிலீன் மலைக்குப் போனோம். 'சுற்றுலாப் பாதை' என்ற பெயரை நம்பித்தான் கிளம்பினோம். பாறைக் குவியல்கள் தொடங்கிய இடத்தில் பாதை மறைந்துவிட்டது. மூடுபனி இறங்கியதும் எங்கள் இரண்டு திசைகாட்டிகளும் வேறு வேறு வடக்கைக் காட்டின. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு செங்குத்தில் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக இறங்கி வந்தோம். எங்களுக்கு ஏறத் தெரியவில்லையா, வழி பார்க்கத் தெரியவில்லையா?

ரா., மான்செஸ்டர்

அன்புள்ள ரா.,

இறங்கி வந்தோம் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தம்பியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏறத் தெரியும். தெரியாவிட்டால் அந்த இடம் வரை போயிருக்க மாட்டீர்கள். அந்த மலை அடங்கிய கூலின் மலைத்தொடரில் வழி பார்ப்பதுதான் பாதி வேலை. 'சுற்றுலாப் பாதை' என்ற பெயரை மாற்றினால் நல்லது என்று பல வருடமாக நினைக்கிறேன். அந்த மலையின் மற்ற வழிகளைவிட அது சுலபம், அவ்வளவுதான். 964 மீட்டர் உச்சிக்குக் கீழே, கடைசிப் பகுதியில் கையும் ஊன்றித்தான் ஏறியாக வேண்டும்.

1836இல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற அறிவியலாளர் முதன்முதலில் இதன் உச்சியைத் தொட்டார். உடன் போனவர் உள்ளூர்க்காரரான டங்கன் மெக்கின்டயர். டங்கன் அதற்கு முன் பலமுறை முயன்று தோற்றவர். இதுவரை போகாத ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே முயலலாம் என்று அவர்தான் சொன்னார். நீங்கள் ஏறிய தென்கிழக்கு முகடு அதுதான். அந்த மண்ணிலேயே வாழ்ந்தவருக்கே அத்தனை முறை பிடித்தது என்றால், ஒரே நாளில் பிடிபடவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

திசைகாட்டிகள் கெட்டுப்போகவில்லை. அங்குள்ள பாறையில் காந்தத்தன்மை உண்டு. சில இடங்களில் ஊசியை இழுத்துத் திருப்பிவிடும். செல்போன் வரைபடத்தையும் முழுக்க நம்ப முடியாது. புள்ளி சில மீட்டர் தள்ளி நின்றாலே போதும், முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அவ்வளவு இடம்தான் இருக்கிறது.

அதனால் குனிந்து பாறையைப் பாருங்கள். ஆட்கள் மிதித்த இடத்தில் விளிம்பு லேசாகத் தேய்ந்து வெளுத்திருக்கும். பனிக்காலத்தில் வருபவர்களின் காலணி முட்கள் கீறிய மெல்லிய கோடுகளும் தெரியும். பாறைப்பூ கலையாமல் படர்ந்திருந்தால், தொட்ட கல்லெல்லாம் ஆடினால், அந்தப் பக்கம் யாரும் போகவில்லை என்று அர்த்தம். வந்தவழியே திரும்பி, கடைசியாகத் தேய்மானம் பார்த்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

கற்குவியல் அடையாளங்களிலும் கவனம் வேண்டும். நான் ஒருமுறை அப்படி ஒன்றை நம்பி முகட்டை விட்டு ஒரு திட்டில் இறங்கினேன். வழி தப்பிய யாரோ அடுக்கியது போலிருக்கிறது. அதுவரை காலுக்குக் கீழே கேப்ரோ பாறை, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, விரல்நுனித் தோலே உரிந்திருந்தது. திட்டில் குறுக்கே ஓடியது பசால்ட், மழையில் நனைந்து, பாசி பிடித்த படித்துறைக் கல் போல. வலது கால் வழுக்கிய அந்த நொடி இப்போதும் முழங்காலில் இருக்கிறது. திரும்பி மேலே ஏறி வர முக்கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் இன்னொன்று. ஏறும்போது அடிக்கடி நின்று திரும்பிப் பாருங்கள். முகட்டில் வந்து சேரும் இடத்தைக் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறங்க முடியுமா என்று தெரியாத அடியை ஏறவே வேண்டாம். நீங்கள் மாட்டிய செங்குத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை மே கடைசியில் போங்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டியதில்லை. மூடுபனி இறங்கினால் மலையடியில் உள்ள ஸ்லிகாஹனிலேயே ஒரு நாள் காத்திருங்கள். போய்வந்ததும் எழுதுங்கள்.