கட்சியா, வேட்பாளரா? கடைமடையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இரண்டு பெரிய கூட்டணி வேட்பாளர்களும் காவிரி, விவசாயி என்று ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டிலோ காலங்காலமாக ஒரே சின்னம்தான். எதை வைத்து முடிவு செய்வது?"

தம்பி, இருவரும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்பதை நீங்களே கவனித்துவிட்டீர்கள். அங்கிருந்தே தொடங்கலாம். இருவரும் ஒத்துப்போகும் விஷயங்களை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அவை எவ்வளவு பெரிய விஷயங்களாக இருந்தாலும், ஒருவரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க உதவாது.

காவிரியையே பாருங்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்குவதில் தமிழ்நாட்டின் எந்தப் பெரிய கட்சிக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. 2023 ஏப்ரலில் டெல்டாவின் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று பகுதிகளும் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்தபோது, சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்தே எதிர்த்தன. சில நாட்களில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே 'காவிரியைக் காப்பேன்' என்று பிரச்சார வேனில் நின்று யார் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் வாக்கு வேண்டாம்.

மிச்சம் என்ன? நம் பகுதியில் மிச்சம் நிறைய இருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் பின்னால் நின்று துரத்தினால் நடக்கும், துரத்தாவிட்டால் அப்படியே கிடக்கும் காரியங்கள் அவை.

முதலாவது வடிகால். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்ததா, தாமதமானதா என்பதை ஊர் முழுக்கப் பேசுகிறது. வாய்க்காலின் கடைசி முனையில் பயிர் செய்யும் கடைமடைக்காரனுக்கு அது பாதிக் கவலைதான். மீதிப் பாதி கார்த்திகை மாத மழையில் வருகிறது. அப்போது சம்பா இளம்பயிர் மூழ்கிக் கிடக்கும். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு தண்ணீரை நகர விடாது. ஆறுகளையும் ஏ, பி எனப்படும் பெரிய வாய்க்கால்களையும் தூர்வாருவது நீர்வளத் துறை. சி, டி எனப்படும் சிறிய கிளை வாய்க்கால்கள் வேளாண் பொறியியல் துறையின் கைக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகும் ஓர் அரை மைல்தான் நம் வயலை அழுகவிடுகிறது. இரண்டு அதிகாரிகளையும் ஒரே நாளில் அந்தக் கரையில் கொண்டுவந்து நிறுத்தும் செல்வாக்கு சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு.

வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது ஒன்று கேளுங்கள்: "ஐயா, எங்கள் ஊர் மழைத்தண்ணீர் எந்த வடிகாலில் இறங்கி எங்கே போய்க் கடலில் சேருகிறது?" பெயர் சொல்லிப் பதில் சொல்பவர் அந்தக் கரையில் நடந்திருக்கிறார். 'எல்லாவற்றையும் தூர்வாரித் தருவோம்' என்பவர் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான நேர்முகத் தேர்வு டெல்டாவில் கிடையாது.

இரண்டாவது கொள்முதல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரமும் சம்பா, தாளடி நெல் கொள்முதலும் பெரும்பாலும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு மாலை போய் நில்லுங்கள். காலையில் பரப்பி, பகலெல்லாம் காலால் கிளறிக் காயவைத்த நெல்லை, மேகம் கறுத்ததும் பெண்கள் அள்ளிக் குவிப்பார்கள். படுதா போதாமல் வீட்டுப் போர்வை வரைக்கும் குவியல் மேல் வந்துவிடும். ஒரு குவியலின் அடியில் கையை விட்டால் சூடு தெரியும். இரண்டு நாள் போனால் வெள்ளை முளை தெரியும். பக்கத்திலேயே பிடித்து முடித்த 40 கிலோ சிப்பங்கள் லாரி வராமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். அவை கிடங்குக்குப் போனால்தான் புது நெல்லுக்கு இடம்.

இங்கே நின்றுதான் வேட்பாளரை எடைபோட வேண்டும். வாங்கும் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசு வைத்த வரம்பு. அதைத் தளர்த்துவதும் அவர்கள்தான். 'நான் ஜெயித்தால் 22 சதவீதத்துக்கு எடுக்க வைப்பேன்' என்று அடித்துச் சொல்பவர் தன் கையில் இல்லாததை விற்கிறார். 'வரம்பு டெல்லியில் முடிவாகிறது, அதற்கு அழுத்தம் கொடுப்போம். ஆனால் இந்த நிலையத்துக்குக் காங்கிரீட் களமும் கூரையும் தொகுதி நிதியில் கேட்கலாம், லாரி இயக்கத்துக்கு நான் நின்று பேசுவேன்' என்பவர் விஷயம் தெரிந்தவர். நமக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் என்ன செய்யலாம், எது முடியாது என்று தெரிந்து வாக்குறுதி தருபவரைத்தான் நான் நம்புவேன். சிப்பத்துக்கு இவ்வளவு என்று கை நீட்டும் வழக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்காமல் கும்பிட்டபடி நகர்ந்தால் அதுவும் பதில்தான்.

மூன்றாவது, நிலமில்லாதவர்கள். டெல்டாவில் 'விவசாயி' என்றதும் மேடையில் நிலம் உள்ளவர் முகம் மட்டுமே தெரிகிறது. கோயில், மடத்து நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவருக்கு வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் சிக்கலில்லாமல் வருகிறதா? அறுவடை இயந்திரம் வந்த பிறகு வேலை இழந்து திருப்பூருக்குப் போன குடும்பத்தைப் பற்றி வேட்பாளர் ஒரு வார்த்தையாவது பேசினாரா? 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட மண் இது. கூலி கேட்பவரின் தெருவைக் கடந்து போகும்போது பிரச்சார வேன் வேகம் எடுக்கிறதா, நிற்கிறதா என்று பார்க்காமல் நான் வாக்களித்ததில்லை. சாதி பார்த்து 'நம்ம ஆள்' என்று சொல்லும் உறவினர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அவர் காலனிக்குள் தேர்தல் இல்லாத வருடத்தில் எப்போது வந்தார்?

சரி, கட்சியை எங்கே வைப்பது? அதைத் தள்ளிவிட முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். ஆகவே எவ்வளவு நல்ல மனிதரானாலும் பெரிய வாக்கெடுப்புகளில் அவர் கை கட்சி சொன்னபடிதான் உயரும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதம், சாதி இவற்றில் இரண்டு கூட்டணிகளுக்கும் இடையே உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற வித்தியாசம் இருந்தால் கட்சியைப் பார்த்தே போடுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. அப்படி ஒன்று தெரியவில்லையென்றால் ஆளைப் பாருங்கள். நான் பெரும்பாலும் ஆளைத்தான் பார்க்கிறேன்.

வேட்பாளர் படிவம் 26-இல் தரும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சொத்து, கடன், வழக்குகள், படிப்பு எல்லாம் அதில் உண்டு. இருமுறை நின்றவரென்றால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வழக்கு என்று கண்டதும் ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீருக்காகச் சாலை மறியல் செய்து வாங்கிய வழக்கும் அதில் இருக்கும், ஆளை அடித்து வாங்கியதும் இருக்கும். சட்டப்பிரிவைப் பார்த்தால் புரியும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கதவைத் தட்டும். 2016 மே மாதம் நம் தஞ்சாவூர்த் தொகுதியின் தேர்தலையே பணப்பட்டுவாடாவுக்காக ஆணையம் நிறுத்திவைத்தது. நவம்பர் 19-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அந்த ஆறு மாதமும் அந்த ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. வாங்காதீர்கள். வீட்டில் யாராவது வாங்கிவிட்டால், அதற்காக உங்கள் வாக்கு கடன்பட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்.

நோட்டா 2013 முதல் இருக்கிறது. அது முதலிடம் பிடித்தாலும் அடுத்து அதிக வாக்கு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார். நிற்கிறவர்களில் ஒருவருமே தேறவில்லை என்று உண்மையிலேயே தோன்றினால் மட்டும் அதற்குப் போங்கள். சிறிய கட்சி வேட்பாளர் வடிகால் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் அவருக்கே போடலாம். அந்த வாக்கு வீண் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக வீட்டுச் சின்னம். அப்பாவோடு சண்டை வேண்டாம். அந்தச் சின்னத்துக்கு அவர் ஏன் போடத் தொடங்கினார் என்று உட்கார்ந்து கேளுங்கள். கூலி உயர்வோ, மனைப் பட்டாவோ, பிள்ளைகளின் படிப்போ, அவருக்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் இன்றும் அந்தக் கட்சியிடம் இருக்கிறதா என்பதை இருவரும் சேர்ந்தே பேசலாம். பேசியும் ஒத்துவரவில்லையென்றால், வாக்குச்சாவடி மறைப்புக்குள் நீங்கள் மட்டும்தான் போவீர்கள். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். அது நீங்கள் அழுத்திய சின்னம்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.