நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்து வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

பேனல் தாங்கும். அதைத் தூக்கிப் பிடிக்கிற இரும்புதான் முதலில் வீணாகும்.

3 கிலோவாட்டுக்கு 550 வாட் பேனல் ஆறு. ஐ.இ.சி. 61701 உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேனலுக்கு அது போதும். மற்ற கவனமெல்லாம் ஸ்டாண்டில் இருக்கட்டும்.

மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. இரும்புக் குழாயை மாடியிலேயே அறுத்து வெல்டிங் வைத்துத் தருவார்கள். விலை குறைவு, ஆனால் கடற்கரையில் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துவிடும். துருத்தண்ணீர் வழிந்த கோடு அந்த மூட்டில்தான் முதலில் தெரியும். குழாய்க்குள் உப்பு ஈரம் தங்கி உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் புதிதுபோல இருக்கும். அறுப்பது, துளை போடுவது எல்லாவற்றையும் பட்டறையில் முடித்து, அதன்பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது, பூச்சு குறைந்தது 80 மைக்ரான்) செய்து, மாடியில் போல்ட் மட்டும் முடுக்கச் சொல்லுங்கள். போல்ட், நட்டு, வாஷர் எஸ்.எஸ். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேனலின் அலுமினிய ஃபிரேம் ஜி.ஐ.மேல் நேராக உட்காராமல் நடுவில் ரப்பர் பட்டை வேண்டும். இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் ஒன்று அரித்துப்போகும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது காற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையேறியது. மணிக்கு 120 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 68 கிலோ அழுத்தம் கொடுக்கும். ஒரு பேனல் ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர், அதாவது 175 கிலோவுக்கு மேல். ஆறு பேனலுக்கும் சேர்த்து ஒரு டன்னைத் தாண்டும். ஒரு கன அடி கான்கிரீட் கட்டையின் எடை 68 கிலோதான். ஆறு கட்டையை வைத்து நிறுத்தினால், ஸ்டாண்டு, பேனல் எடையைச் சேர்த்தாலும் போதாது. தட்டோட்டைப் பெயர்த்து, கீழே இருக்கும் தளத்தோடு கம்பி பிணைத்துக் கட்டையை வார்த்து, சுற்றிலும் நீர்க்கசிவுப் பூச்சு அடிக்க வேண்டும். தெற்கு பார்த்த 10 டிகிரி சாய்வு போதும். கீழே துணி காயப்போடலாம் என்று எட்டடி உயரத்தில் ஏற்றினால் கால்களும் பிணைப்பும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும்.

தென்னை நிழலைக் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியில் நின்று பாருங்கள். ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி குறையக்கூடும்.

முக்கியமான ஒன்று: பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பாற்றவே அந்த ஏற்பாடு. புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் இருட்டு என்றால், மாடியில் வெயில் அடித்தும் வீட்டில் ஃபேன் ஓடாது. அப்போதும் ஓட வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இப்போதே கணக்கில் சேருங்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

1 கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட். ஐப்பசி, கார்த்திகையில் குறையும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான் ஓடுகிறது என்றால் 2 கிலோவாட்டே போதும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மானியத்துக்குப் பேனலும் அதிலுள்ள செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் ஆகாது, உப்பு வெள்ளையாகப் படியும். கொள்ளிடம் குடிநீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ, விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன்.