கேட்டது நீங்கள், சொல்வது நாங்கள்: பிஸ்கற், சோடா, சீனி

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. விடிய எழும்பினால் கிறீம் பிஸ்கற்றும் மோல்ட் பாலும்தான் வேண்டும், பின்னேரம் உடனடி நூடில்ஸ். ஆள் கொழுகொழு என்றுதான் இருக்கிறான், வருத்தம் ஒன்றும் இல்லை. மாமிதான் ஒவ்வொரு நாளும் பேசுகிறா. உண்மையிலேயே கெடுதலா?
(ஒரு தாய், உவர்மலை)

பதில்: இப்படி எழுதினால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும், ஆனாலும் மாமி சொல்வதுதான் சரி. அந்த பிஸ்கற் பக்கற்றைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலைப் பாருங்கள். எது கூடுதலாக இருக்கிறதோ அதுதான் முதலில் வரும். கோதுமை மா, சீனி, பாம் எண்ணெய், பெரும்பாலும் இந்த மூன்றும்தான் முன்னுக்கு நிற்கும். கீழே குளுக்கோஸ் சிறப், மோல்ற்றோடெக்ஸ்றின் என்று வருகிறவையும் சீனியின் சொந்தக்காரர்தான். தவிடும் முளையும் எடுத்துவிட்ட மாவில் நார் மிகக் குறைவு, சீனியில் சக்தியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, ஆகவே சாப்பிட்ட கையோடு இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும், அதை இறக்க இன்சுலின் வரும், பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு முதலே பிள்ளைக்குத் திரும்பப் பசிக்கும், பிறகு கன்ரீனில் சீனி தூவின பணிஸ். பல்லில் ஒட்டின கிறீமை வாயிலுள்ள பக்டீரியா அமிலமாக்கிப் பல்லை அரிப்பது இதற்கு மேலதிகம்.

இதில் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையில் செய்து பொதி பண்ணிய சாப்பாடு, இரண்டு கிழமை சமையலறைச் சாப்பாடு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. மேசையில் வைத்த சாப்பாட்டில் சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, விரும்பிய மட்டும் சாப்பிடலாம் என்றும் விட்டார்கள். ஆலைச் சாப்பாட்டுக் கிழமைகளில் ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ நிறை கூடினார்கள். வளர்ந்த ஆட்களுக்கே கை நிற்கவில்லை, ஏழு வயதுப் பிள்ளை எப்படி நிறுத்தும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்தால் வீடு சண்டைக்களமாகிவிடும். முதலில் காலையை மாற்றுங்கள்: சிவப்பரிசி மா இடியப்பமும் சொதியும், முடிந்தால் ஒரு அவித்த முட்டை. இடியப்பம் அவிக்க நேரமில்லாத நாளில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் போதும். நூடில்ஸ் கேட்டு அழுதால் அந்தச் சுவைத்தூளில் பாதியைக் கொட்டிவிடுங்கள், உப்பில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது, பிறகு கரட், லீக்ஸ் வெட்டிப் போட்டு ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கடலை வண்டி நிற்கும், ஒரு சுருள் வாங்கிக் கொடுங்கள், பிஸ்கற்றை மறந்துவிடுவான். மோல்ட் பாலைக் கடைசியாகப் பார்ப்போம், அது மாமிக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வெள்ளைச் சீனி நஞ்சு என்று வட்ஸ்அப்பில் வருகிறது. சிவப்புச் சீனி, சர்க்கரை, பனங்கட்டி, தேன் எல்லாம் நல்லதுதானே?
(கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நஞ்சும் இல்லை, மருந்தும் இல்லை. சிவப்புச் சீனி என்பது கரும்புப்பாகு கொஞ்சம் ஒட்டியிருக்கிற சீனி. பனங்கட்டியிலும் சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான், அதாவது வெள்ளைச் சீனியில் இருப்பதேதான், தேனில் குளுக்கோசும் பிறக்ரோசும் (பழச்சீனி). அவற்றில் கொஞ்சம் கனிமச்சத்து இருப்பது உண்மை, ஆனால் அதை நம்பி இரும்புச்சத்துத் தேடினால் கட்டி கட்டியாகச் சாப்பிட வேண்டி வரும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, அளவை. உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்ன கணக்குப்படி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இப்படிச் சேர்க்கிற சீனி, தேனையும் சேர்த்துத்தான், நாளுக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. தேக்கரண்டியைத் தட்டையாக வழித்தால் 4 கிராம் வரும், ஆனால் நம்மில் யார் வழிக்கிறோம்? குவித்து மூன்று கரண்டி போட்டு நாளுக்கு நாலு தேத்தண்ணி குடிக்கிறவர், ஒரு சோடாவும் தொடாமலே அந்த 50ஐத் தாண்டிவிடுகிறார். எனக்கு இதுதான் நம்மூரில் சீனி உள்ளே போகிற பெரிய வழியாகத் தெரிகிறது, பக்கற் இனிப்புகளைவிட.

பனங்கட்டி பிரியம் என்றால் பழைய ஆட்கள் செய்தது போல, சீனி போடாத பிளேன்ரீயோடு நகக்கண் அளவு துண்டைக் கடித்துக் குடியுங்கள். நாக்குக்கு இனிப்பு, கணக்குக்கும் குறைவு. சலரோகம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: தம்பலகாமத்துக் கட்டித்தயிருக்குச் சீனி போடாமல் எப்படிச் சாப்பிடுவது?
(உங்களுக்கே தெரியும் எந்த ஊரென்று)

பதில்: போடுங்கள், ஒரு கரண்டி. சட்டித் தயிரில் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. கடையில் கப்பில் விற்கிற இனிப்பு யோகட்டில் அது தெரியாது.

கேள்வி: நான் ஓட்டோ ஓடுகிறேன். வெயிலுக்கு நாளுக்கு ரெண்டு சோடா உள்ளே போகும். போத்தலில் சிவப்பு அடையாளம் இல்லை, செம்மஞ்சள்தான். பயமில்லைத்தானே அண்ணே?
(நிலாவெளி வீதி)

பதில்: தம்பி, அந்த நிறம் 100 மில்லிலீற்றருக்கு. 2016 ஓகஸ்ற்றில் இலங்கையில் சோடாப் போத்தலில் சீனி அளவை நிறத்தால் காட்டுகிற முறை வந்தபோது வைத்த கணக்கு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. உங்கள் போத்தல் 400 மில்லிலீற்றர், 100 மில்லிலீற்றருக்குச் சீனி 8 கிராம் என்று வைத்தால் ஒரு போத்தலில் 32 கிராம். இரண்டு குடித்தால் 64. செம்மஞ்சளிலேயே நாள் கணக்கு முடிந்துவிட்டது, இன்னும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

குடிக்கிற சீனி வயிற்றை நிரப்பாது, சோற்றில் ஒரு பிடி குறைக்கவும் மாட்டீர்கள். அதில் இருக்கிற பிறக்ரோசைப் பெரும்பாலும் ஈரல்தான் கவனிக்க வேண்டும், மிஞ்சினதை அது கொழுப்பாக்கும். சாராயமே தொடாத ஆட்களுக்கும் ஈரலில் கொழுப்பு என்று ஸ்கானில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டோவில் ஒரு பெரிய தண்ணிப் போத்தல் வையுங்கள், தேசிக்காய் பிழிந்து உப்புக் கொஞ்சம் போட்டால் சுவையாக இருக்கும். வழியில் செவ்விளநீர் கண்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: சொசேஜால் புற்றுநோய் வருமாமே? ரின் மீனும் அப்படியா?
(பெரியகடை)

பதில்: 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் வரவழைக்கும் என்று உறுதியான சான்று உள்ளவற்றின் வரிசையில் சேர்த்தது. சிகரெட்டும் அந்த வரிசையில் இருக்கிறது, அதற்காக இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை, சான்று உறுதி என்பது மட்டும்தான். ஒவ்வொரு நாளும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றார்கள். ஆகவே பிறந்தநாளுக்கு ஒன்று தின்றவர் இரவு நித்திரையை விட வேண்டாம், நாளாந்தம் பிள்ளைக்குப் பாணுக்குள் வைத்துக் கொடுப்பவர் யோசிக்க வேண்டும். ரின் மீன் அந்த வரிசையில் இல்லை, உப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சூடையும் கீரியும் துடிக்கத் துடிக்க வருகிற ஊரில் ரின்னை ஏன் வெட்டுகிறீர்கள்?

கேள்வி: எனக்குச் சலரோகம். சீனி சேர்க்காத பிஸ்கற் என்று விற்கிறார்கள், பயமில்லாமல் சாப்பிடலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர்)

பதில்: சீனி சேர்க்காவிட்டாலும் மா சேர்த்துத்தானே செய்கிறார்கள் ஐயா. நாட்டுக்குக் கோதுமை மா அரைக்கிற பிரிமா ஆலை நம் திருகோணமலைச் சீனக்குடாவிலேயே இருக்கிறது, பாணும் பிஸ்கற்றும் நமக்குக் கைக்கெட்டிய சாப்பாடு, அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: வெள்ளை மாவின் மாச்சத்து உடம்புக்குள் போய் குளுக்கோசாகத்தான் மாறும். பக்கற்றில் ‘மொத்தக் காபோவைதரேற்று’ என்ற வரியைப் பாருங்கள், 100 கிராமில் 60க்கு மேல் இருப்பது சாதாரணம். இரண்டு பிஸ்கற் தின்று ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் வீட்டுக் கருவியில் குத்திப் பாருங்கள், உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும். அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பக்கற்றையும் குறித்த அளவுகளையும் கொண்டு போய்க் காட்டுங்கள், அதுவரைக்கும் மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.