பெரியவனா, சின்னவனா: ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்

தம்பி, குன்னூரில் நண்பர்கள் சேர்ந்து டீ, வர்க்கி பந்தயத்துக்கு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) டிராஃப்ட், அதாவது புது வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம், ஆடுவதாக எழுதியிருந்தீர்கள். கல்லூரி ஆட்டத்தில் சராசரி 20 புள்ளி எடுக்கும் 22 வயதுக்காரனா, 12 எடுக்கும் 19 வயதுக்காரனா என்பதுதானே குழப்பம்? நானாக இருந்தால் சின்னவன்தான். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு மோதும்போது பெரியவனுக்கு உடம்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆனால் வயதை மட்டும் நம்பாதீர்கள். 2003 டிராஃப்டில் டெட்ராய்ட் அணி இரண்டாவதாக 18 வயது டார்கோ மிலிசிச்சை எடுத்தது; அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. பின்னால் பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ அந்தோணி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் அவருக்குப் பிறகுதான் போனார்கள்!

அதனால் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) சதவீதத்தைப் பாருங்கள். மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் 7.24. ஃப்ரீ த்ரோ எங்கேயும் அதே 15 அடி, மறிக்க ஆளும் இல்லை. கையின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும். கோத்தகிரியில் எங்களோடு ஆடும் ஒரு பையன், பனியில் நனைந்த பந்தைச் சட்டையில் துடைத்து, இரண்டு தட்டு தட்டி எறிவான். மூடுபனியில் போர்டே மங்கலாகத்தான் இருக்கும், வலை சரக்கென்று சத்தம் போடும். அப்படிப்பட்ட கை பின்னால் தூரத்திலிருந்தும் போடப் பழகிவிடும்.

அப்புறம், உங்கள் பந்தயம் எத்தனை வருஷத்துக்கு என்று சொல்லவில்லையே? முதல் சீசன் புள்ளிகள் மட்டும்தான் கணக்கு என்றால், யோசிக்காமல் பெரியவனை எடுங்கள்.